இரண்டாவது ஹோ

ட்ர்ர்ர்ர்.

மேசை விளிம்புக்கு வெளியே பாதி நீட்டி வைத்த பிளாஸ்டிக் ஸ்கேலை ஒரு விரலால் கீழே அழுத்தி, சட்டென்று விட்டால் வருகிற சத்தம். உங்களுக்குத் தெரியும். வகுப்பில் அதை எழுப்பிவிட்டு முட்டி போட்டவர்கள்தானே நாமெல்லாம். ஆனால் போன மாதம், எங்கள் அலுவலகத்துப் பயிற்சிக் கூட்டத்தில் அது கேட்டபோது, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு பின்னால் போய்விட்டேன். நாற்காலிக் கால்கள் தரையில் கிறீச்சிட்டன. முழங்காலுக்குக் கீழே எதுவோ இறுக்கியது.

"இன்னா மேடம், கீழ தேளு கீளு கீதா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"ஒன்னும் இல்லீங்க."

"சுகர் மாத்திர போட்டுக்கினு சாப்புடாம வந்துட்டீங்களா?"

பயிற்சி தர வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. ஸ்கேலைத் தூக்கிக் காட்டினார். "பாருங்க, நான் எவ்ளோ வளைச்சேன். வுட்டதும் பழையபடி நேரா வந்துடுச்சு. இதுக்குப் பேருதான் ரெசிலியன்ஸ். வாழ்க்கைல நாமளும் இப்படித்தான் இருக்கணும்." எல்லோரும் தாளில் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்து, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று மகளைக் கேட்டேன். "தமிழ்ல மீள்திறன்னு சொல்வாங்கம்மா. எங்க காலேஜ்ல இத சொல்லாத நாளே இல்ல," என்றாள். அது எங்கிருந்து வந்த சொல் என்று பார்க்கச் சொன்னேன். சலித்துக்கொண்டே போனில் தேடி வாசித்தாள். லத்தீன் மொழியில் குதிப்பதற்கு ஒரு சொல். அதன் முன்னால் 'திரும்ப' என்பதை ஒட்டியிருக்கிறார்கள். திரும்பக் குதித்தல், பின்னால் குதித்தல். கரையில் உட்கார்ந்திருக்கும் தவளை மறுபடி குளத்துக்குள் பாய்ந்தாலும் அந்த வினைதான். திடுக்கிட்டுப் பின்வாங்கினாலும் அந்த வினைதான். அதன் உடன்பிறப்பான இன்னொரு சொல் இன்றும் கோர்ட்டில் இருக்கிறதாம், கொடுத்த வாக்கிலிருந்து நழுவுவதைச் சொல்ல. துணிச்சலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 'நிமிர்ந்து நில்' என்றெல்லாம் இல்லவே இல்லை. வேரில் இருந்தது ஒரு துள்ளல் மட்டும், அதுவும் பின்பக்கமாக.

"இங்கிலீஷுக்கு வந்த புதுசுல எதிரொலிக்குச் சொன்னாங்களாம்மா," என்றாள் மகள். "சுவத்துல பட்டுத் திரும்பி வருதே, அந்தச் சத்தத்துக்கு."

"போதும், போனை வை," என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

எதிரொலி. அதைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். என் வயதை ஒத்தவர்கள் இதைப் படித்தால், நீங்களும் ஒன்பது வயதில் ஒரு சொல்லைச் சொல்லியிருப்பீர்கள், அது இன்னும் திரும்பி வந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில் ஒரு சரிவு. எதிர்ச்சரிவில் அத்தை ஊர், அப்பாவின் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர். நடுவில் ஓடை. கண்ணுக்குப் பக்கம், காலுக்கு ஒரு மணி நேரம். அத்தை வீட்டு அடுப்புப் புகையைப் பார்த்து "இன்னிக்கு லேட்டா கூழு காச்சறா" என்று அம்மா சொல்வாள். அவ்வளவு பக்கம். ஆனால் உப்பு கேட்க வேண்டுமென்றால் இறங்கி ஏற வேண்டும். அதனால் நாங்கள் கூப்பிட்டுப் பேசிக்கொண்டோம். எங்கள் பக்கத்தில் வெளியே துருத்திக்கொண்டு ஒரு பாறை. அதன்மேல் நின்று வாயருகே கை குவித்துக் கத்தினால் அந்தப் பக்கம் கேட்கும். சாவு, பிரசவம், கரடி, ஆபீசர் வருகை, எல்லாம் அந்தப் பாறை வழியாகத்தான் போகும், வரும்.

இடையில் ஒரு சங்கடம் இருந்தது. ஓடை திரும்பும் இடத்தில் செங்குத்தாக ஒரு மலைமுகம். நாம் கத்துவதை அது வாங்கி, கடைசிச் சத்தத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கும். அதற்காகவே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சேதியைச் சொல்லிக் கடைசியில் 'ஹோ' என்று இழுக்க வேண்டும். உடனே ஒரு ஹோ வரும். அது மலையுடையது. அதை எண்ணக்கூடாது. காத்திருக்க வேண்டும். எதிர்ச்சரிவில் காதில் வாங்கியவர் ஒரு ஹோ கொடுப்பார். அதுதான் மனிதருடையது. அந்த இரண்டாவது ஹோ வந்தால்தான் சேதி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. கைக்குழந்தைகூட முதல் ஹோவுக்குத் திரும்பாது, இரண்டாவதற்குத் திரும்பும் என்று சித்தப்பா வேடிக்கை பேசுவார்.

அந்தி நேரத்தில் பாறைக்குக் காது கொடுப்பது பிள்ளைகள் வேலை. எதிர்ச்சரிவில் அந்த வேலை அத்தை மகளுடையது. என்னைவிட ஒன்றரை வயது மூத்தவள். எட்டு ஊருக்குக் கேட்கும் குரல். சிரித்தால் காக்கை பறக்கும். அவள் கொடுக்கும் ஹோவுக்குக் கடைசியில் ஒரு சின்ன வளைவு இருக்கும், கேள்வி கேட்பதுபோல. மலையால் அதைச் செய்ய முடியாது.

அந்த வருடம் சாமை நன்றாகத் தலை சாய்த்திருந்தது. காற்றடித்தால் கொல்லை முழுக்கக் கிசுகிசுக்கும். முற்றும் கதிருக்கு ஒரு மணம் உண்டு. பாலும் வைக்கோலும் கலந்த மாதிரி. அந்த மணம் மனிதருக்கு முன்பே காட்டுப் பன்றிகளுக்கு எட்டிவிடும். ஓடைப்பக்கத்து மூலையில் மூன்று நாள் தொடர்ந்து புகுந்து, பாய் விரித்த மாதிரி படுக்கவைத்துவிட்டுப் போயின. அப்பா மண்ணில் குந்தி, மிதிபட்ட கதிர்களைக் கையில் அள்ளிப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைக் கூப்பிட்டு, "கம்பு வளைச்சுடலாம்டா," என்றார்.

கம்பு வளைப்பது என்றால் சுருக்கு வைப்பது. பச்சையாக, மணிக்கட்டு கனத்தில், நெடிய ஒரு கம்பை வேரோடு நிற்கும்படியே வளைத்துத் தரையோடு கொண்டுவந்து ஒரு முளையில் மாட்டுவார்கள். கயிற்றுச் சுருக்கு தழைக்குள் கிடக்கும். எதுவாவது மிதித்தால் முளை விடுபடும், கம்பு நிமிரும். அந்தப் பாதையில் எதிர்ச்சரிவுக்காரர்களும் நடப்பார்கள். அதனால் கம்பை வளைத்துப் பிடித்துக்கொண்டு, பாறையில் ஆள் ஏற்றிக் கூப்பிட்டு, இரண்டாவது ஹோ வந்த பிறகுதான் முளையில் மாட்டுவார்கள். அதுவரை இரண்டு ஆண்கள் கம்பின்மேல் தொங்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

கார்த்திகை மாத மூட்டம். ஓடையிலிருந்து மேகம் எழும்பிச் சரிவில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் கம்பை அழுத்திப் பிடித்திருந்தார்கள். அப்பாவின் கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது.

"ஓடு. பாறமேல ஏறிக் கூப்புடு," என்றார் என்னிடம். "ஓடப்பக்கம் கம்பு வளைக்கிறோம், யாரும் வராதீங்கன்னு சொல்லு. மொத ஹோவ வுட்டுடு. ரெண்டாவது கேட்டப்பறம் வா."

"சுருக்கா வாடி. எங்க முதுவு ஒடஞ்சிடப் போவுது," என்றார் சித்தப்பா.

பாறையில் ஏறி நின்றேன். எதிர்ச்சரிவு இல்லை. அத்தை வீட்டுப் புகை இல்லை. கீழே ஓடை இல்லை. வெள்ளையாக ஒன்று கால் விரல்களுக்கு அருகே வந்து நின்றது. கத்தினேன். என் குரல் அந்த வெள்ளைக்குள் போய், துணியில் சுற்றிய மாதிரி மழுங்கியது. ஹோ என்று இழுத்தேன். உடனே ஒரு ஹோ வந்தது. வழக்கத்தைவிடப் பக்கத்திலிருந்து வந்த மாதிரி இருந்தது.

காத்திருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். ஒன்பது வயதுக்காரிக்கு, தனியாக, மேகத்துக்குள் நிற்கும்போது, மூன்று மூச்சு ஒரு வருடம். இரண்டாவது ஹோ வரவில்லை. மறுபடி கூப்பிட வாய் திறந்தேன். அப்போது பின்னால் உண்ணிச்செடிப் புதரில் ஏதோ அசைந்தது. இலை அசைந்த சத்தம் இல்லை அது. கனமான ஒன்று மூச்சு விட்ட சத்தம். எருமையாக இருந்திருக்கலாம். இன்றைக்கு எருமை என்று சொல்கிறேன். அன்றைக்கு அதற்குப் பெயர் கிடையாது. நான் பாறையிலிருந்து குதித்து ஓடினேன்.

"வந்துச்சா?" என்றார் சித்தப்பா. முகத்தில் வியர்வை, கைகள் நடுங்கின.

"வந்துச்சு."

"ரெண்டும்?"

இல்லை என்றால் என்னைத் திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பாறைக்கு. அந்த மூச்சுக்கு. இதைத் தவிர வேறு எதுவும் என் மனத்தில் இல்லை. சத்தியமாக இல்லை.

"ரெண்டும்," என்றேன்.

அப்பா முளையில் மாட்டினார்.

மறுநாள் விடிந்து, மூட்டம் இன்னும் கலையாத நேரம். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஓடைப்பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஸ்கேல் சத்தமேதான், ஆனால் ஒரு பெரிய மரத்தின் தொண்டையிலிருந்து. அப்பா துள்ளி எழுந்தார். "மாட்டிக்கிச்சுடா," என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. சித்தப்பா ஈட்டியை எடுத்தார். "பெருசா இருந்தா தங்கச்சி வூட்டுக்கும் ஒரு தொட குடுத்தனுப்பணும்," என்று சொல்லிக்கொண்டே அப்பா ஓடினார். பாதி வழியில் கத்தல் கேட்டது. பன்றி கத்தினால் அப்படி இருக்காது. அப்பாவின் ஓட்டம் மாறியதைப் பின்னால் ஓடிய நான் பார்த்தேன். முதுகைப் பார்த்தே தெரிந்தது.

அத்தை எங்களுக்கு அவரைக்காய் கொடுத்தனுப்பியிருக்கிறாள். பாதை நெடுக அவரைக்காய் சிதறிக் கிடந்தது. அத்தை மகள் ஒரு காலில் தொங்கினாள். தலையும் தோளும் தரையில் கிடந்தன, இன்னொரு கால் காற்றை உதைத்துக்கொண்டிருந்தது. கம்பு இன்னும் அடங்கவில்லை. மேலும் கீழும் ஆடியது. ஆடும்போதெல்லாம் அவளைக் கொஞ்சம் தூக்கிக் கொஞ்சம் இறக்கியது. பாவாடையை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த வலியிலும் அந்தக் கையை எடுக்கவில்லை.

மகள் போனில் வாசித்ததில் இன்னொன்றும் இருந்தது. எதிரொலிக்குப் பிறகு அந்தச் சொல் மரத்துக்கு வந்ததாம். ஒரு மரத்தை வளைக்கும்போது அது உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, விடும்போது திருப்பித் தருகிற பலத்துக்கு அந்தப் பெயர். கப்பல் கட்டுபவர்களும் உத்தரம் போடுபவர்களும் அதை அளந்து பார்த்தார்களாம். எனக்கு அளக்கத் தேவையில்லை. இரண்டு ஆண்கள் முதுகு ஒடியக் கொடுத்த பலம் முழுவதும் இரவெல்லாம் அந்தக் கம்புக்குள் விழித்திருந்தது. காலையில் அது குறையாமல் கூடாமல் அவளுடைய கால் எலும்புக்குப் போய்ச் சேர்ந்தது.

கட்டுப் போடும் வைத்தியர் வந்தார். முட்டை வெள்ளைக்கரு, துணி, மூங்கில் பத்தை. அவள் வாயில் ஒரு மடித்த துண்டைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னார்கள். நான் வீட்டுக்குப் பின்னால் நின்று சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்தேன். துண்டுக்குள்ளிருந்து வந்த சத்தம் சுவர் வழியாக என் கன்னத்துக்குள் வந்தது.

கட்டுக் காய்வதற்குள் இரண்டு வீட்டுக்கும் சண்டை வந்துவிட்டது. ஊர்க்கவுண்டர் புளியமரத்தடியில் உட்கார, இரண்டு சரிவு ஆட்களும் எதிரெதிரே நின்றார்கள். என்னை நடுவில் நிறுத்தினார்கள்.

"எத்தன ஹோ கேட்ட? பயப்புடாத சொல்லு," என்றார் ஊர்க்கவுண்டர்.

"ரெண்டு."

அப்பா என் தலையில் கை வைத்தார். "எம்பொண்ணு பொய் பேசாது."

"அப்ப எம்பொண்ணுதான் பொய் பேசுதா?" என்றார் அத்தை வீட்டு மாமா. "பொழுதுக்கும் பாறையப் பாத்துக்கினு குந்தினு இருந்தேன், சத்தமே வர்லன்றா. கால ஒடச்சுக்கினு கெடக்கிறவ எதுக்குப் பொய் சொல்லுவா?"

"நான் அப்டி சொல்ல வர்ல மச்சான்."

"வேற எப்டி சொல்ல வர்ற?"

"வெளயாட்டுப் புத்தி. ஹோ குடுத்துட்டு மறந்திருக்கும்."

"மறக்கறதுக்கு அது இன்னா உப்பா புளியா?"

அத்தை இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். முந்தானை மண்ணில் இழுபட்டது. "கூடப் பொறந்தவன் வூட்டு வாசல இனிமே நான் மிதிக்கலாமா கூடாதா? அத மட்டும் சொல்லிடுங்க. மத்ததெல்லாம் அப்பறம் பேசுங்க."

அப்போது எனக்குப் புரியாத ஒன்று இப்போது தெரிகிறது. அங்கே நின்ற பெரியவர்கள் யாருக்கும் உண்மை தேவைப்படவில்லை. இரண்டு சரிவும் மறுபடி ஒன்றாக அறுவடை செய்ய ஒரு வழி தேவைப்பட்டது. அந்த வழியைப் பூசாரி கண்டுபிடித்தார். வேடியப்பன் கோயிலில் பூசை செய்பவர். அதுவரை வெற்றிலையை மென்றுகொண்டு ஓரமாக இருந்தார்.

"ரெண்டு கொழந்தையும் பொய் சொல்லல," என்றார். "இவ ரெண்டு கேட்டா. அவ ஒன்னும் குடுக்கல. ரெண்டும் நெசம்."

"அதெப்டிங்க?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"ரெண்டாவதா குடுத்தது வேற."

"எது?" என்று யாரோ கேட்டார்கள்.

"பேரு சொல்லக் கூடாது. அந்தப் பொண்ணு கொரல எடுத்துக்கினு குடுத்திருக்குது. பழகிடுச்சு. இனிமே கூப்புடும்."

அப்பாவின் தோள்கள் தளர்ந்து இறங்கின. மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். சற்று நேரத்தில் இருவரும் ஒரே பொட்டலத்தில் வெற்றிலை எடுத்தார்கள். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் இல்லை. ஏனென்றால் அந்த மலையிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும், இரண்டாவது ஹோ என்று ஒன்று வரவே இல்லை.

பாறையில் மஞ்சள் பூசினார்கள். எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தார்கள். இனி யாரும் அதன்மேல் நின்று கூப்பிடக் கூடாது என்றார்கள். சாவுச் சேதிக்குக்கூட ஆள் இறங்கி ஏறினான். எல்லாப் பிள்ளைகளுக்கும் கறுப்புக் கயிறு கட்டினார்கள். அந்தி சாய்ந்தால் யார் பேரும் சொல்லி யாரும் அழைக்கவில்லை. மாட்டைக்கூட நாக்கைத் தட்டித்தான் கூப்பிட்டார்கள். அப்படி ஒரு அமைதியை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அந்த அமைதியில் எனக்கு அது கேட்கத் தொடங்கியது. கடைசியில் சின்ன வளைவோடு, கேள்வி கேட்பதுபோல, ஹோ. நான் சொன்ன பொய்க்கு வாய் முளைத்துவிட்டது. இல்லாத ஒன்றுக்கு நான்தான் குரல் கொடுத்தேன் என்று தெரியும். தெரிந்தும் போர்வையை வாயில் திணித்துக்கொண்டு நடுங்கினேன். தெரிந்தால் பயம் போய்விடும் என்று சொல்பவர்கள் பயந்ததில்லை.

ஒருநாள் அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தில் சரசரவென்று சத்தம். உமி அவள் முடியெல்லாம் படிந்திருந்தது. அந்தச் சத்தத்துக்குள் ஒளித்துச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"அம்மா, அன்னிக்கு பாறைல ஒரு ஹோதான்..."

முறம் நின்றது. உமி ஒட்டிய கையால் என் வாயைப் பொத்தினாள். அவள் கண்களில் ஆச்சரியம் இல்லை. அதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன், துளி ஆச்சரியம் இல்லை.

"வாய மூடு," என்றாள், மெதுவாக. "இப்பதான் ரெண்டு வூடும் மூஞ்சி பாத்துப் பேசிக்கினு கீது. உங்கப்பன் மாட்டுன முளை அது. தெரிஞ்சா அந்த மனுசன் தூங்குவாரா? இத இன்னொரு வாட்டி சொன்னன்னு தெரிஞ்சா சூடு வெச்சிடுவேன்." பிறகு என் உதட்டில் ஒட்டிய உமியைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

அத்தை மகள் தை மாதம் எழுந்து நடந்தாள். மாசியில் ஓடினாள். கால் கொஞ்சம் உள்பக்கம் திரும்பியிருந்தது, அவ்வளவுதான். "சின்ன எலும்பு பாரு, ஒட்டிக்கிச்சு" என்று வைத்தியர் பெருமைப்பட்டார். ஆனால் அவள் பாதையில் ஒரு கிளை அசைந்தாலும் பின்னால் குதித்தாள். கயிறு தரையில் கிடந்தால் குதித்தாள். அத்தை கொடியில் துணி உதறினால் குதித்தாள். ஊரே சிரித்தது. "தவள வருது பாரு" என்றார்கள். பிள்ளைகள் வேண்டுமென்றே அவள் பின்னால் கம்பை வளைத்து விட்டார்கள். ஊர்க்கவுண்டர்கூட, "எப்டி குதிக்குது பாரு. காலு நல்லா பலமாத்தான் கீது," என்று சொல்லிச் சிரித்தார். அந்தக் குதியைக் குணமானதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருந்தால் என்னைப் பார்ப்பார்கள் என்று சிரித்தேன்.

அவள் குரல்தான் திரும்பவில்லை. அந்தப் பெரிய குரலை அவளே பயந்து மடித்து உள்ளே வைத்துவிட்டாள். அதை ஒன்று எடுத்துக்கொண்டுவிட்டதாகச் சொல்லியிருந்தார்களே. உரக்கப் பேசினால் அது தன்னை அடையாளம் கண்டுகொள்ளும் என்று கிசுகிசுப்பாகவே பேசினாள்.

இன்று அவள் ஆலங்காயத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். மூன்று மிஷின். கணவர் இறந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்து வேலைக்கு அனுப்பிவிட்டாள். கல்யாண வீடுகளில், "எவ்ளோ வந்தாலும் எழுந்து நின்னுட்டா பாரு" என்று அவளைக் காட்டிப் பேசுவார்கள். அந்தப் பயிற்சிக்காரர் பார்த்தால் ஸ்கேலைப் போட்டுவிட்டு அவளை மேசையில் ஏற்றிக் காட்டுவார். ஆனால் அவளை யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் முதல் முறை திரும்ப மாட்டாள். இரண்டாவது முறை கூப்பிட்ட பிறகுதான், அதுவும் ஒரு நொடி பொறுத்து, கூப்பிட்டவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பாள். வாடிக்கைக்காரர்கள் காது மந்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பயிற்சிக் கூட்டம் முடிந்த வாரம் வாணியம்பாடியில் பஸ் ஏறி அவள் கடைக்குப் போனேன், சொல்லிவிடுவது என்றுதான். வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றுதான் கேட்டேன், ஒன்றுதான் கேட்டேன். கடை வாசலில் நின்றேன். அவள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். நரை கலந்த கொண்டை. உள்பக்கம் திரும்பிய அந்தக் கால் மிதிப்பானில். கூப்பிட்டேன். ஊசி நின்றது. அவள் திரும்பவில்லை. இரண்டாவதற்காகக் காத்திருந்தாள். அந்த முதுகு காத்திருந்ததை நான் பார்த்தேன். என்னிடம் இரண்டாவது இல்லை. கொடுத்த வாக்கிலிருந்து நழுவுவதற்கும் அந்தச் சொல்தான் என்றாள் மகள். நான் எனக்கே கொடுத்துக்கொண்ட வாக்கு அது. படியிலிருந்து ஓசையில்லாமல் இறங்கி நடந்தேன். சற்றுத் தூரம் போன பிறகு மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது கேட்டது.

ஆகையால் அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, நாங்கள் பிரிந்த நாள்.

குரலை எடுத்துக்கொண்ட ஒன்று அவளைக் கூப்பிடும் என்று பூசாரி சொல்லியிருந்ததால், மலையை விட்டு அவளைக் கீழே அனுப்பிவிடுவது என்று அத்தை வீட்டில் முடிவெடுத்தார்கள். ஆலங்காயத்தில் ஹாஸ்டலோடு ஒரு பள்ளிக்கூடம். நல்லதுக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நல்லதாகவும் முடிந்தது. அதையும் மறைக்கக் கூடாது. சந்தை நாளன்று ஜமுனாமரத்தூர் வரை இரண்டு வீடுமாக நடந்து வந்தோம். அவளுக்குப் புதுத் தகரப் பெட்டி. வாங்கிக் கொடுத்தது என் அப்பா. சந்தையில் கருவாட்டு வாசமும் வெல்ல வாசமும் கலந்து வீசின. பஸ் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. டிரைவர் ஹாரனை ஒரு தரம் அழுத்தினார். அவள் இரண்டு கால்களையும் தூக்கிப் பின்னால் குதித்து, வெங்காயக் கூடைக்காரி மேல் விழுந்தாள். சந்தையே சிரித்தது.

"மொத வாட்டி பஸ்ஸ பாக்குதா?" என்றாள் கூடைக்காரி.

"அது அப்டித்தாங்க. தவள," என்றார் மாமா, செல்லமாக.

பெட்டியை மேலே ஏற்றினார்கள். அத்தை அழுதாள். அம்மா அத்தையின் தோளை அணைத்துக்கொண்டாள். அணைத்தபடியே என்னைப் பார்த்தாள், அந்தப் பார்வையை நான் நன்றாகப் படித்தேன். அத்தை மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பிக்கு நடுவே கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். என் கறுப்புக் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றுதான் கேட்டேன் என்று வாய் திறந்துவிட்டேன். இன்ஜின் உறுமியது. அவள் கம்பியில் முகத்தை அழுத்தி, நான் பேச வந்ததைக் கவனிக்காமல், அவசரமாகக் கிசுகிசுத்தாள்.

"நான் போய்ட்டா அது உன்னத்தான் கூப்புடும், புள்ள. என் கொரல்லயே கூப்புடும். அழுவும், கெஞ்சும். நான்தான்னு நெனச்சுக்கினு நீ ஹோ குடுத்துடாத."